மஞ்சக்குப்பம் மாடி ஹால் வெயிட் தூக்குற கிளாஸ் (60 தாண்டினவங்களுக்கு): எட்டு மாசம் போனவன் எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், சென்டர் பேரை நான் போடப் போறதில்ல. நல்லதும் எழுதுவேன் குறையும் எழுதுவேன், நடத்துறது பிசியோதெரபி படிச்ச ஒரு சின்னப் பொண்ணு, லோன் போட்டு ஆரம்பிச்சிருக்கு, நான் பாட்டுக்கு எதையாச்சும் எழுதி அது பொழப்புல மண்ணு விழுந்துடக் கூடாது. கடலூர்க்காரங்க கண்டுபிடிச்சிடுவீங்க எப்படியும், காலைல ஆறரைக்கு மஞ்சக்குப்பத்துல புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஷூ மாட்டின பாட்டிங்களும் டிராக் பேண்ட் போட்ட பெருசுங்களும் ஒரு மாடிப்படியைப் புடிச்சுப் புடிச்சு ஏறுறத பார்த்தா அதான் எடம்.

திங்கள் புதன் வெள்ளி, ஒரு மணி நேரம், மாசம் 1,500 ரூவா. சேரும்போது டெஸ்ட்டுன்னு தனியா 300. பேட்ச்சுக்கு 12 பேருதான்னு சொல்லுவாங்க, நான் 15 வரைக்கும் எண்ணியிருக்கேன்.

நான் யாருன்னு கொஞ்சம் சொன்னாதான் மத்தது புரியும். கவர்மெண்ட் பஸ் டிரைவர், 2017ல ரிடையர்டு, தந்தை பெரியார் டிரான்ஸ்போர்ட்னு பேர் இருந்த காலத்துல சேந்தவன். பவர் ஸ்டீயரிங் இல்லாத லேலண்ட் வண்டிய கடலூர் சேலம், கடலூர் பாண்டினு ஓட்டின கை இது, ஒரு டர்னிங் எடுக்கணும்னா தோள்பட்டைல இருந்து வரணும் பலம், இப்ப இருக்கற பசங்க ஒரு விரல்ல சுத்துறானுங்க. டிப்போல கை புடிச்சு மடக்குற போட்டில என்னை ஜெயிச்சவன் ரெண்டே பேரு. இத பெருமைக்கு சொல்லல, அப்புறம் வரப்போற அசிங்கத்துக்காக சொல்றேன்.

ரிடையர் ஆன புதுசுல நல்லாதான் இருந்துச்சு. காலைல சில்வர் பீச்சுல வாக்கிங், பேப்பர், கடைத்தெரு. அப்புறம் கொரோனா வந்து ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளயே கெடந்தோம், அதுல ஆரம்பிச்சுதுன்னு இப்ப தோணுது, அப்ப ஒண்ணும் தெரியல. பையன் ஓரகடத்துல வேலை, பொண்ணு பாண்டில கட்டிக் குடுத்திருக்கு, ரெண்டு பேரும் வந்தா ஒரே பாட்டுதான், நீங்க சும்மா உக்காருங்கப்பா நாங்க பாத்துக்கறோம். சிலிண்டர் தூக்கப் போனா உக்காருங்கப்பா. அரிசி மூட்டை எறக்கப் போனா உக்காருங்கப்பா. பாசம்தான், இல்லன்னு சொல்லல. உக்காந்தேன். நல்லா உக்காந்துட்டேன்.

ரெண்டு சம்பவம். ஒருநாள் மத்தியானம் வீட்டம்மா வெளிய போயிருந்தா, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி தொறக்க வரல. துணி வச்சுத் திருகினேன், கதவு சந்துல வச்சுத் திருகினேன், சுடுதண்ணில காமிச்சேன், வரல. பக்கத்து வீட்டு ஒம்போதாவது படிக்கற பொண்ணு வந்து டக்குனு தொறந்து குடுத்துட்டுப் போச்சு. இன்னொண்ணு பாடலீஸ்வரர் கோயில்ல, பிரதோஷம், பிரகாரத்துல தரையில உக்காந்தேன், எல்லாரும் எழுந்திரிச்சாங்க, என்னால முடியல. கை ஊனி, ஒருக்களிச்சு, முட்டி போட்டு, ம்ஹூம். ரெண்டு பசங்க ஆளுக்கொரு அக்குள்ல கை குடுத்து மூட்டைய தூக்குற மாதிரி தூக்கி நிறுத்தினானுங்க. தேங்க்ஸ் தம்பின்னு சொல்லிட்டு வந்தேன். அதோட கோயிலுக்குப் போறத நிறுத்திட்டேன். காரணம் கேட்ட வீட்டம்மாகிட்ட கூட்டமா இருக்குன்னு சொல்லிட்டேன்.

இதுலதான் சூட்சுமமே இருக்கு. முடியலன்னு கோயில நிறுத்தினேன், அப்புறம் விசேஷத்துக்குப் போறத நிறுத்தினேன், பந்தில உக்காந்துட்டு எழுந்திரிக்க முடியலன்னா என்ன பண்றதுன்னு, அப்புறம் வாக்கிங், அப்புறம் டீக்கடை. ஒவ்வொண்ணு நிக்கும்போதும் காலு இன்னும் கொஞ்சம் செத்துச்சு, காலு சாகச் சாக மனசும் செத்துச்சு, எது மொதல்லன்னு எனக்கே தெரியல. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், அதுக்கப்புறம் ஃபேனைப் பார்த்துட்டே கெடக்கறது. சோறு இறங்கல. டிவி ஓடும், என்ன ஓடுதுன்னு தெரியாது. பேரன் போன்ல பேசினா எரிச்சலா வரும். அழுகையெல்லாம் ஒரு சொட்டு வரல, அதனாலயே யாரும் இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு நெனைக்கல, வயசாயிடுச்சு சுகர் வேற இருக்கு அதான்னு விட்டுட்டாங்க, நானும்தான்.

பொண்ணுதான் இந்த எடத்தைக் கண்டுபிடிச்சு இழுத்துட்டுப் போனா. போனதும் மொத கடுப்பு, மாடி. எந்திரிக்க முடியாதவனுக்கு நடத்துற கிளாஸ மொத மாடில வச்சிருக்காங்க, 18 படி, ஒரு பக்கம்தான் செவுரு, இன்னொரு பக்கம் கைப்பிடி கிடையாது. ஏறிட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே, இதுவும் டெஸ்ட்டுதான்ப்பான்னு சொல்லுச்சு. கீழ எடம் வாடகை ஜாஸ்தின்னு சொல்ல வேண்டியதுதான.

டெஸ்ட்டு நல்லா பண்ணாங்க, 300 ரூவாய்க்கு அது தகும். கைல ஒரு இரும்பு கிளிப் மாதிரி மெஷின், அமுக்குனா கிலோல காட்டும், ஒவ்வொரு கைக்கும் மூணு தடவை, அதுல பெருசு எதுவோ அதை எடுத்துக்கறாங்க. வலது கை 22. இடது 20. நல்லதா கெட்டதான்னு கேட்டேன், ஆசியாக்காரங்களுக்கு 2019ல டாக்டருங்க வச்ச கணக்குப்படி ஆம்பளைக்கு 28 கிலோவுக்குக் கீழ, பொம்பளைக்கு 18க்குக் கீழ இருந்தா பலம் கம்மின்னு அர்த்தமாம். லேலண்ட் ஓட்டின கைக்கு 22. நான் மறுபடியும் அமுக்குறேன்னு நாலாவது தடவை கேட்டேன், குடுத்துச்சு, 21 வந்துச்சு. அப்புறம் சேர்ல கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உக்காரணும், ஸ்டாப்வாட்ச் வச்சு பாப்பாங்க, 12 செகண்டுக்குள்ள முடிக்கணும், எனக்கு 19. அதுல ஒரு தடவை பாதில தொப்புன்னு விழுந்து உக்காந்தது வேற. ஆறு மீட்டர் நடக்க விட்டு வேகம் பார்த்தாங்க, செகண்டுக்கு ஒரு மீட்டருக்குக் கீழ. இதுக்கு சார்கோபீனியான்னு ஒரு பேரு இருக்கு, வயசான காலத்துல சதை கரையறது. முப்பது தாண்டினாலே மெதுவா கரைய ஆரம்பிச்சிடுமாம், அறுபதுக்கு மேல வேகம் புடிச்சிடும், படுத்துக் கெடந்தா இன்னும் வேகம்.

அது முடிஞ்சு ஒரு பேப்பர் குடுத்தாங்க, 15 கேள்வி, ஆமா இல்லன்னு டிக் அடிக்கணும். பொழுது போகலன்னு தோணுதா, வெளிய போறதுக்கு பதிலா வீட்லயே இருக்கலாம்னு தோணுதா, உங்க நெலமை கைமீறிப் போச்சுன்னு நெனைக்கறீங்களா, இப்படி. முதியோர் மனச்சோர்வு அளக்கறதுக்குன்னே 1980கள்ல தயாரிச்ச கேள்வியாம், அஞ்சுக்கு மேல போனாலே பாக்கணும். எனக்கு 9. அந்தப் பொண்ணு முகத்துல ஒண்ணும் காட்டாம, அப்பா கிளாஸ்ல சேருங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மனநல டாக்டரப் பாத்துட்டு சீட்டு கொண்டு வாங்கன்னு சொல்லுச்சு. எனக்கு வந்துச்சே கோவம். நான் என்ன பைத்தியமா, காலுக்கு எக்சர்சைஸ் பண்ண வந்தவன மெண்டல் டாக்டர்கிட்ட அனுப்புறியேன்னு கத்திட்டேன். பொண்ணு வேற பக்கத்துல, அவளுக்கு தலைகுனிவு. வேணும்னா வேற எடம் பாத்துக்கோங்கப்பா, சீட்டு இல்லாம சேக்க மாட்டேன்னு நின்னுச்சு அது. 1,500 ரூவா வர்றத வேண்டாம்னு சொல்ற ஆள நான் ஊர்ல அதிகம் பாத்ததில்ல. இந்த ரிவியூல பாதி மார்க்கு அதுக்குத்தான்.

பெரியாஸ்பத்திரில பாத்தோம். டாக்டரு கவுன்சலிங்னு பிரசங்கம் பண்ணுவாருன்னு பாத்தா மொதல்ல ரத்தம் எடுக்கச் சொன்னாரு, தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12. சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடறவங்களுக்கு பி12 குறையும், அதுவே சோர்வு குடுக்கும்னு அப்பதான் தெரியும், பன்னெண்டு வருஷமா போடறேன் ஒருத்தரும் சொல்லல. எனக்குக் கம்மியாதான் இருந்துச்சு. அதுக்கு ஊசி, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, மூணு நாலு வாரம் ஆவும் வேலை செய்ய, நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாரு. எக்சர்சைஸ் போலாமான்னு கேட்டதுக்கு, போகாம இருந்தாதான் திட்டுவேன்னு சொன்னாரு. அங்க எழுதி ஒட்டியிருந்த நம்பர் 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் நடத்துற மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, நாள் பூரா தமிழ்லயே பேசலாம். நேர்ல போகக் கூச்சப்படற ஆளுங்களுக்கு சொல்றேன், வாழவே புடிக்கலன்னு நெனப்பு வர்றவங்க கிளாஸ், ரிவியூன்னு படிச்சுட்டு இருக்காம மொதல்ல அதுக்குப் போடுங்க.

சரி, கிளாஸ். இதுக்கு முன்னாடி நான் ரெண்டு எடம் போயிருக்கேன். ஒண்ணு பீச்சுல சிரிப்பு கிளப், வட்டமா நின்னு ஹா ஹான்னு சிரிக்கணும், எனக்கு அங்க போயிட்டு வந்தா துக்கம் ஜாஸ்தியாச்சு. இன்னொண்ணு கைய நீட்டு காலை ஆட்டு வகை, ஒக்காந்த எடத்துலயே. நல்லவங்கதான் நடத்துறாங்க, ஆனா வேர்வையே வராது. இங்க அப்படி இல்ல. இங்க எடை ஏத்துறாங்க. டம்பெல், கணுக்கால்ல கட்டுற மணல் பை, கலர் கலரா ரப்பர் பேண்டு, மஞ்சள்ல ஆரம்பிச்சு சிவப்பு பச்சை நீலம்னு போகப் போக இறுக்கம். ஒரு எடைய பன்னெண்டு தடவை சிரமம் இல்லாம தூக்கிட்டா அடுத்த வாரம் கூட்டிடுவாங்க, நோட்டுல எழுதி வச்சிருக்கும், ஏமாத்த முடியாது. எட்டு பத்துலயே திணறணும், அதான் சரியான எடைன்னு சொல்லுது. தூக்கும்போது மூச்சடக்கக் கூடாது, பிரஷர் ஏறிடும், அதனால தூக்கும்போது சத்தமா எண்ண விடுவாங்க, எண்ணினா மூச்சு தானா வெளிய போகும். கீழ ரோட்டுல போறவங்களுக்கு ஏதோ வாய்ப்பாடு ஒப்பிக்கற ஸ்கூல் மாதிரி கேக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பிரஷர் பாக்குறாங்க, மேல இருக்கற நம்பர் 180 தாண்டினா அன்னிக்கு எடை கெடையாது, உக்காந்து வேடிக்க பாத்துட்டு டாக்டரப் பாக்கப் போகணும்.

மொத நாள் மணல் பைய காலுல கட்டினப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அப்பர கல்லுல கட்டிக் கடல்ல போட்டு, அவரு மெதந்து வந்து கரையேறின ஊரு இது, வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம்னு எடத்துக்கே பேரு இருக்கு. நாங்க மணல் மூட்டையக் கட்டிக்கிட்டு கரையேறப் பாக்குறோம்னு பக்கத்துல நின்ன ரிடையர்டு வாத்தியார்கிட்ட சொன்னேன், மனுஷன் சிரிக்கல, தேவாரத்துல எந்தப் பதிகம்னு ஆரம்பிச்சுட்டாரு.

எனக்குப் புடிச்ச ஐட்டம் ஒண்ணு சொல்றேன். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் காலியானதுல தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க, கைக்கு ஒண்ணு புடிச்சுக்கிட்டு ஹால்ல இந்தக் கோடிலிருந்து அந்தக் கோடி நடக்கணும், தோள் தொங்காம. பிடி பலம், நடை, முதுகு எல்லாத்துக்கும் சேத்து. தேவனாம்பட்டினத்துலருந்து ஒரு அம்மா வருவாங்க, 74 வயசு, ஒல்லியா. வந்த புதுசுல யார்கிட்டயும் பேச மாட்டாங்க, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு ஓரமா நிப்பாங்க. மொத தடவை கேனைத் தூக்கச் சொன்னப்ப அந்தம்மா குனிஞ்சு ரெண்டையும் புடிச்சு நேரா நின்னு விறுவிறுன்னு போயிட்டு வந்துட்டாங்க. எல்லாரும் வாயைப் பொளந்துட்டோம். மீன் கூடைய தலைல வச்சுக்கிட்டு நடந்த உடம்பு அது. கீழ வச்சுட்டு அந்தம்மா சொன்னது, "மூணு வருசமாச்சுய்யா ஒரு கொடம் தூக்கி. மருமவ தொட விட மாட்டேங்குறா, நான் ஒடஞ்சு போயிடுவனாம்." சொல்லும்போது சிரிச்சாங்க, கண்ணுல தண்ணியும் இருந்துச்சு. எங்க வீட்டு உக்காருங்கப்பா எனக்கு ஞாபகம் வந்துச்சு. இப்ப அவங்கதான் பேட்ச்சுலயே அதிகம் பேசறது, எண்ணிக்கைய விட்டுட்டு ஊர்க்கதை பேசி திட்டு வாங்கறதும் அவங்கதான்.

நான் மூணாவது வாரம் அந்தப் பிசியோ பொண்ணுகிட்ட கேட்டேன், ஏம்மா இவ்ளோ வெயிட்டு எதுக்கு, லேசா பண்ணினா மனசுக்கு ஆகாதான்னு. அதுக்கு அது ஒரு ஆராய்ச்சி சொல்லுச்சு, நம்பாம பொண்ணுகிட்ட சொல்லி நெட்ல பாக்கச் சொன்னேன், நெசம்தான். ஆஸ்திரேலியால சிட்னில 2005ல வந்தது, டிப்ரஷன் இருந்த 60 வயசு தாண்டின 60 பேர மூணா பிரிச்சிருக்காங்க. ஒரு குரூப்புக்கு அவங்கவங்க தூக்க முடிஞ்ச உச்ச எடைல 80 சதவீதம், இன்னொண்ணுக்கு வெறும் 20, மூணாவது குரூப்பு எப்பவும் பாக்குற டாக்டர்கிட்ட வழக்கமான கவனிப்பு. எட்டு வாரம், வாரம் மூணு நாள். கனமா தூக்கின குரூப்புல நூத்துக்கு 61 பேருக்கு சோர்வு அளவு பாதியா குறைஞ்சிருக்கு, லேசா தூக்கினவங்கள்ல 29, மூணாவதுல 21. அதாவது கூட்டம் கூடறது, வெளிய வர்றது, பேச்சுத்துணை இதெல்லாம் ரெண்டு எக்சர்சைஸ் குரூப்புக்கும் ஒண்ணுதான், வித்தியாசம் எடைல இருக்கு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா சிரிப்பு கிளப் எனக்கு ஏன் ஒத்துக்கலன்னு எனக்கு ஒரு பதில் கெடச்சுது. இன்னொண்ணும் சொல்லுச்சு, 1990ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86லேந்து 96 வயசு வரைக்கும் பத்து பேர வச்சு எட்டு வாரம் காலுக்கு எடை தூக்க விட்டதுல சராசரியா 174 சதவீதம் பலம் கூடியிருக்கு. தொண்ணூறு வயசுல. எனக்கு 66, நான் என்ன சொல்லித் தப்பிக்கறது.

நம்ம நாட்டுலயும் 2017-18ல 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கும் மேல வீடு வீடாப் போயி கணக்கெடுத்திருக்காங்க, கைப்பிடி பலம்கூட அளந்திருக்காங்க, 60 தாண்டினவங்கள்ல நூத்துக்கு எட்டு பேருக்கு டிப்ரஷன் இருக்கலாம்னு வந்துச்சாம். நான் ஓட்டின பஸ்ஸுல அம்பது பெருசு ஏறியிருந்தா அதுல நாலு பேரு. எவன் அதச் சொல்லிக்கிட்டு ஏறினான், முட்டி வலின்னுதான் சொல்லியிருப்பான்.

சாப்பாடு பத்தி ஒரு சின்ன தகராறு. காலைல நாலு இட்லி, மத்தியானம் சோறு சாம்பார், ராத்திரி மறுபடி இட்லின்னு சொன்னேன், இதுல சதை எங்கப்பா வளரும்னு கேட்டுச்சு. வயசானவங்களுக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஒரு கிராம்லேந்து 1.2 கிராம் வரைக்கும் புரோட்டீன் வேணும், நான் 62 கிலோ, ஒரு முட்டைல ஆறு கிராம்தான் வரும், கணக்குப் போட்டுக்கோங்க. கிட்னி பிரச்சன இருக்கறவங்க டாக்டரக் கேக்காம இத செய்யாதீங்க. இப்ப காலைல ரெண்டு முட்டை, சாயந்திரம் ஒரு கிண்ணம் சுண்டல், மத்தியானம் முடிஞ்சப்ப சங்கரா இல்லன்னா நெத்திலி, ஹார்பர்லேந்து பழைய கண்டக்டர் ஒருத்தரு வாங்கியாந்து குடுப்பாரு. புரட்டாசில வீட்டம்மா மீனும் முட்டையும் அடுப்புல ஏறவே கூடாதுன்னுட்டா. பெருமாள் மேல பாரத்தப் போட்டு ஒரு மாசம் பயறும் பன்னீரும்தான். ஆனா இதுலயே சென்டர் மேல ஒரு கோவம் இருக்கு, அங்க ரிசப்ஷன்ல ஒரு பையன் உக்காந்திருக்கான், 1,800 ரூவா புரோட்டீன் பவுடர் டப்பாவ வர்ற பெருசுங்க தலைல எல்லாம் கட்டப் பாக்குறான். வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை தாத்தா உங்க நல்லதுக்குத்தான்னு சொன்னான். தாத்தாவாம். அண்ணன்னு சொல்ல வேண்டாம், சார்னு சொல்ல வேண்டாம், ஐயான்னு சொல்லலாம்ல.

ரிசல்ட்டு. மூணு மாசத்துல சேர் டெஸ்ட்டு 19லேந்து 14, இப்ப போன மாசம் பாத்தப்ப 11 சொச்சம், பாஸ். கைப்பிடி 22லேந்து 25தான் ஆயிருக்கு, இன்னும் 28 தொடல, கைல மெதுவாத்தான் ஏறும், காலு பலம்தான் முக்கியம்னு சொல்லுது, எனக்கு மனசு ஆறல. 15 கேள்வி பேப்பர்ல 9 இருந்தது 3 ஆச்சு. ஹார்லிக்ஸ் மூடி தொறக்குறேன். தை மாசம் ஒரு பிரதோஷத்துக்குப் போயி தூண் ஓரமா உக்காந்தேன், தூணப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்தேன், ஆனா ஆள் புடிக்கல.

இது மாத்திரையாலயா பி12 ஊசியாலயா கிளாஸாலயான்னு கேட்டீங்கன்னா பிரிச்சு சொல்ல எனக்குத் தெரியாது, பிரிச்சுப் பாக்கற ஐடியாவும் இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். கார்த்திகைல மழை விடாம அடிச்சு தெருவுல தண்ணி நின்னு ஒம்போது நாள் கிளாஸ் இல்ல. மாத்திரை போட்டுட்டுத்தான் இருந்தேன். அஞ்சாவது நாளே மறுபடி மூணு மணி முழிப்பு, வீட்டம்மாகிட்ட வள்ளுவள்ளுன்னு விழுறது. அவ ஒரு வார்த்தை பேசாம ரெண்டு எண்ணெய் கேனை எடுத்து தண்ணி ரொப்பி ரேழில வச்சுட்டுப் போயிட்டா. கால் மணி நேரம் மொறச்சுட்டு உக்காந்திருந்தேன், அப்புறம் தூக்கிட்டு நடந்தேன்.

அந்த ஒம்போது நாளுக்கு ஃபீஸ்ல கழிக்கல, அது தப்பு. பாத்ரூம் கீழதான் இருக்கு, அறுபது தாண்டின ஆம்பளைங்களுக்கு ஒரு மணி நேரத்துல எத்தன தடவை அவசரம் வரும்னு யாரும் யோசிக்கல போல. பாட்டு ஸ்பீக்கர்ல வைக்கறாங்க, நல்ல பாட்டுதான், சத்தம் காது கிழியுது, காது மெஷின் வச்சிருக்கற வாத்தியாரு மெஷினக் கழட்டிடுவாரு, அப்புறம் அவருக்கு சொல்றது கேக்காது, நாங்க அஞ்சு எண்ணும்போது அவரு எட்டுல இருப்பாரு. இதெல்லாம் கூட விடலாம். பிளாஸ்டிக் சேர வழுக்குற டைல்ஸ் மேல போட்டு எழுந்து உக்காரச் சொல்றாங்களே அத விட முடியாது. ஒருநாள் ஒரு அம்மா உக்காரும்போது சேர் பின்னாடி நகந்துடுச்சு, நான் பக்கத்துல இருந்ததால தோளப் புடிச்சேன், இல்லன்னா இடுப்பு எலும்பு போயிருக்கும். சொன்னதுக்கப்புறம் சேரெல்லாம் செவுத்துல ஒட்டிப் போடறாங்க, காலுக்கு ரப்பர் மாட்டல இன்னும். ரப்பர் பேண்டும் பழசானத மாத்தறதில்ல, பச்சை ஒண்ணு அறுந்து வாத்தியாரு கைல பளார்னு அடிச்சுது. நீங்க போனா ஒங்க பேண்ட ஒருதடவை இழுத்து வெடிப்பு இருக்கான்னு பாத்துட்டு எடுங்க.

வாக்கிங் போறனே போதாதான்னு கேக்கறவங்களுக்கு: நானும் வருஷக்கணக்கா சில்வர் பீச்சுல நடந்தவன்தான், நடை நெஞ்சுக்கு சுகருக்கு நல்லது விடாதீங்க, ஆனா நடந்ததால தரையிலேந்து எழுந்திரிக்க வரல. 2020ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதுலயும் 65 தாண்டினவங்களுக்கு வாரம் 150 நிமிஷம் நடை மாதிரி ஒண்ணு, அதுபோக ரெண்டு நாளாவது சதைக்கு வேலை, மூணு நாள் விழாம நிக்கறதுக்கான பயிற்சின்னு தனித்தனியாத்தான் இருக்கு. இங்க அந்த நிக்கறது பத்தி கடைசி பத்து நிமிஷம் பண்றாங்க, ஒத்தக்கால்ல செவுத்தத் தொட்டுக்கிட்டு, குதிகாலும் விரலும் ஒட்டினாப்புல கோட்டு மேல நடக்கறதுன்னு. முக்கால்வாசி நாள் டைம் இல்லன்னு வெட்டிடறாங்க.

யாரு போகலாம்னா, படி ஏற முடிஞ்சவங்க. முட்டி ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம் ஆகாதவங்க, இப்பதான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சவங்க எல்லாம் உங்க டாக்டரு எழுதிக் குடுத்தா மட்டும். சாயந்திர பேட்ச் இருக்கு, 5 மணிக்கு, ஆனா அதுல சின்ன வயசுக்காரங்களும் கலந்து வருவாங்க, இடம் பத்தாது, காலை பேட்ச் கேளுங்க. துண்டும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டுப் போங்க, சுகர் இருக்கறவங்க வெறும் வயித்துல போகாதீங்க, ரெண்டு பிஸ்கட்டாச்சும் சாப்டுட்டுப் போங்க, மொத வாரம் எனக்கே கண்ணு இருட்டிச்சு.

அஞ்சுக்கு மூணே முக்கால் குடுப்பேன். சேருக்கு ரப்பர் மாட்டி அந்த டப்பா விக்கிற பையன வேற வேலைக்கு அனுப்பினா நாலரை. படிக்கட்டு கைப்பிடி பத்தி நேத்துக்கூட கேட்டேன், வெல்டருகிட்ட சொல்லியாச்சுப்பா, அடுத்த மாசம் போட்டுடலாம்னு சொல்லுச்சு. இது மூணாவது அடுத்த மாசம்.